பெயர் பெற்ற குடியானவர்களும் பெயரிழந்த சித்திரகாரர்களும்

டில்லி லக்ஷ்மிபாய் நகரில், சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் குடியிருப்புகளுக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடத்துக்கும் அண்மையில், பிலஞ்ஜி என்னும் பழைய கிராமம் தன் சந்துகளோடு தலைநகரத்தின் நடுவிலே தங்கிப் போயிருக்கிறது. இத்தகைய கிராமங்களின் ஜனங்கள் முகலாய ராஜ்யத்தின் அந்திமக் காலத்தில் எப்படி உடுத்தினார்கள், அந்நியன் ஒருவன் உற்றுப் பார்க்கும்போது எப்படி நின்றார்கள் என்று அறிய விரும்புகிறவன் நாடவேண்டியது, பிரேஸர் ஆல்பம் என்று பிரசித்தி பெற்ற சித்திரத் தொகுதியையே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக டில்லிக்கு வந்து, சுற்றுப்புறக் கிராமங்களில் குதிரையேறித் திரிந்து, அந்நாட்டு நடையுடைகளை மேற்கொண்டு வாழ்ந்த வில்லியம் பிரேஸரும், அவருடைய தமையனும் தாமே ஓவியருமான ஜேம்ஸ் பெய்லி பிரேஸரும், 1815 முதல் 1819 வரையில் டில்லிச் சித்திரகாரர்களைக் கொண்டு இவற்றை வரைவித்தார்கள். குடியானவர்கள், பட்டாளத்தில் சேர வந்த வாலிபர்கள், குதிரை வியாபாரிகள், நாட்டியப் பெண்கள், இன்றைய ஹரியானாவிலுள்ள ரானியா கிராமத்தார் என்று பலரும் அவற்றில் இடம்பெற்றார்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட அச்சித்திரங்கள் ஸ்காத்லாந்தில் குடும்பக் காகிதங்களுக்கிடையே மறைந்து கிடந்து, 1979-இல் வெளிப்பட்டு, மறுவருஷமே லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலம் போய், பல தேசங்களுக்குச் சிதறின.

இவற்றை வரைந்தவர் யார்? ஹாலந்து தேசத்தில் இதே கேள்வி வேறு விதமாக எழுகிறது. ஹார்லெம் நகரத்து ஆட்ரியான் வான் ஆஸ்தாடே (1610–1685) கள்ளுக்கடையில் கூத்தடிக்கும் குடியானவர்களை வரைந்து புகழடைந்தவர். அவர் இறந்தபின் அவருடைய சீடர் கார்னெலிஸ் டூஸார்ட், குரு அரைகுறையாக விட்டுப்போன படங்களையும் பூர்த்தி செய்து விற்றபடியால், குருவின் கை எங்கே முடிந்து சிஷ்யனின் கை எங்கே தொடங்கிற்று என்பதைப் பரீக்ஷிக்க நிபுணர்கள் இன்றும் பூதக்கண்ணாடியோடு குனிகிறார்கள். அங்கே சித்திரகாரரின் பெயருக்கே விலை. குடித்துக் களிக்கும் குடியானவன் எவனோ ஒருவன், அவன் பெயரைக் கேட்பாரில்லை. நம் தஞ்சாவூரிலும் மூச்சி ஓவியர்கள் கம்பெனி துரைகளுக்காக ஜாதிவாரியாக, கணவனும் மனைவியுமாக வரைந்து கொடுத்த படங்களில் காண்பது குயவர் என்னும் இனத்தையே. இன்ன ஊர்க் குயவர் என்று ஒருவரையும் அல்ல.

பிரேஸர் ஆல்பத்தில் நிலைமை தலைகீழ். பட்டாளத்துக்கு வந்த வாலிபன் உம்மீ சந்த் முதலாகப் பலருடைய பெயர்கள் படங்களோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. சித்திரகாரரோ பெரும்பாலும் கையெழுத்திடவில்லை. ஆகவே நிபுணர்கள் அநுமானத்தையே நம்பவேண்டியதாயிற்று. பாட்னாவைச் சேர்ந்த லால்ஜி என்பவரது பெயர் ஒரு காலத்தில் அடிபட்டது. பின்னர், அரசவைச் சித்திரகாரராக விளங்கி, கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னருக்காக 1827-இல் அவருடைய பட்டாள தர்பாரைத் தீட்டிய குலாம் அலி கானின் திசையில் அபிப்பிராயம் சாய்ந்தது. முகத்தை நுண்புள்ளிகளால் உருட்டித் திரட்டும் முறை, வெறுமையான காகிதத்தில் காலடி நிழல் ஒன்றினாலேயே தரையை உணர்த்தும் துணிவு, மடிப்புகளில் காட்டும் சிக்கனம் ஆகியவையே இத்தகைய ஒப்பீட்டுக்குச் சாக்ஷிகள். காதின் மடலையும் விரல்நகத்தையும் கொண்டே ஓவியரைக் கண்டுபிடிக்கலாம் என்ற இத்தாலிய வைத்தியர் மொரெல்லியின் வித்தையும் ஏறக்குறைய இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

ஆயினும், தகப்பனும் பிள்ளையும் உறவினரும் ஒரே பட்டறையில், ஒரே மாதிரி நகல்களை வைத்துக்கொண்டு உழைத்த தொழிலில், ஒரே ஒரு பெயரை வற்புறுத்துவது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஏலக்காரருக்குப் பெயர் வேண்டும், அது அவருடைய ஜீவனம். ரஸிகனுக்கு, "குலாம் அலி கானின் வட்டத்தார்" என்று அடக்கமாக எழுதப்பட்ட குறிப்பே உண்மைக்குச் சமீபமானது. தரத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பதையும் அந்தக் குறிப்பு தானே விளக்கிவிடுகிறது.

வில்லியம் பிரேஸர் 1835 மார்ச்சில் டில்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக பிரோஸ்பூர் ஜிர்க்கா நவாப் ஷம்ஸுத்தீன் கான் தூக்கிலிடப்பட்டார். பிரேஸரின் கல்லறை காஷ்மீரி கேட்டில் ஸ்கின்னர் கட்டுவித்த புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. லக்ஷ்மிபாய் நகரத்தார் ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமலே போய்ச் சேரலாம்.