கைநாட்டும் கையெழுத்தும்

சென்ற வாரம் கருமத்தம்பட்டியில் வங்கிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, விசைத்தறிக் கூடங்களில் உழைத்து ஓய்ந்தவர், படிவத்தில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எழுதினார். மூன்றாவது வரவில்லை. பெருவிரலை மையில் வைத்துவிட்டார். "அறிவொளில படிச்சதுங்க, உட்டுப்போச்சுங்க" என்றார் என்னிடம்.

எனக்கு 1990 ஞாபகம் வந்தது. அப்போது புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மேசையில் பேனா இல்லாத நாள் உண்டு, மைப்பெட்டி இல்லாத நாள் கிடையாது. 1988-இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அதே வேகம் புதுச்சேரிக்கும் வந்தது. பணம் திட்டத்திலிருந்து வந்தாலும், சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மூன்று பாடநூல்கள், சுமார் 200 மணி நேரம். அ, ஆ என்று தொடங்காமல், அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கும் முறை.

நானும் மாலையில் மீன் விற்கும் பெண்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் படித்தது பிரெஞ்சு வழியில். தமிழ் பள்ளியில் ஒரு பாடம், அவ்வளவுதான். ஒரு அம்மாள், "சார், ஒரே ர-வுக்கு எதுக்கு ரெண்டு எழுத்து?" என்று கேட்டார். பதில் தெரியாமல் விழித்தேன். உண்மையில் அந்த வகுப்பில்தான் நானும் தமிழ் எழுதக் கற்றேன்.

புதுக்கோட்டைக் கதை இன்னும் பெரியது. 1991-இல் அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்புக்கும் வேலைக்கும் ஆண் துணை இல்லாமல் பெண்கள் போய்வர அதுவே வழி. கேலி பேசினார்கள், விடவில்லை. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் நகரில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்களாம். முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா!

சைக்கிள் ஒருமுறை பழகினால் மறக்காது. எழுத்து அப்படியில்லை. தொண்டர்களுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. மூன்று நூலை முடித்தவர்களுக்கு அடுத்துப் படிக்கக் கையில் ஒன்றும் இல்லை. தொடர்கல்வி என்று வந்தது, முதல் வேகம் அதில் இல்லை.

"அந்த மூணாவது எழுத்தை நான் காட்டித் தரட்டுமா?" என்று பாட்டியிடம் கேட்டேன்.

"இனி எங்கீங்க, கண்ணு மங்கிப்போச்சு" என்றவர், பாஸ்புக்கைத் திறந்து என்னிடமே நீட்டினார். "எவ்வளவு இருக்குதுன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."