கொடுமணல்: வேலைக்காரர்களின் ஊர்

சென்ற வாரம் வெள்ளலூரில் நின்றோம். 1842-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிவந்தன. அந்தக் காசைக் கொடுத்து வாங்கும்படி கொங்கு மண்ணில் என்ன இருந்தது? நொய்யலோடு கிழக்கே போவோம். சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல்.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குப் பேர்போன ஊராகப் பாடும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு தொடங்கியது. பேராசிரியர்கள் சுப்பராயலுவும் கா. ராஜனும் மண்ணை அடுக்கடுக்காக எடுத்தபோது, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தொழிலூர் தெரிந்தது.

கல்மணிப் பட்டறையைப் பாருங்கள். உடைத்த மூலக்கல், சில்லுச் சில்லாகச் செதுக்கிய கல், துளையிடாத மணி, வேலை பாதியில் உடைந்ததால் கழித்துப்போட்ட மணி, மெருகேற்றி முடித்த மணி என்று ஒவ்வொரு கட்டமும் கிடைத்திருக்கிறது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. சூதுபவளம் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன! இன்னொரு பக்கம் இரும்பு உருக்கிய உலைகள், கசடுகள். நூல் நூற்ற தக்களிகள்.

இவற்றைவிட என்னை உருக வைப்பவை பானை ஓடுகள். நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழி எழுத்து. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று பெயர்கள். மன்னர் பெயரைப் பாட்டும் கல்வெட்டும் காத்தன. கண்ணன் ஆதனின் பெயரை அவன் வீட்டுப் பானையே காத்திருக்கிறது. புழங்கும் பாண்டத்தில் பெயர் கீறிவைக்கும் அளவுக்கு இந்தத் தொழிலூரில் எழுத்து பரவியிருந்தது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வும் இப்படித்தான். வைக்கிங்குகள் என்றாலே கொள்ளைக்காரர்கள் என்றிருந்த எண்ணத்தை, அங்கே கிடைத்த சீப்புகளும் செருப்புகளும் மரக்கிண்ணங்களும் மாற்றின. பழைய குப்பைதான் அவர்களின் அன்றாட வாழ்வைக் காட்டிக் கொடுத்தது.

கொங்கு நாட்டில் இன்றும் கிணறு வெட்டுகிறோம், கடைக்கால் தோண்டுகிறோம். எழுத்துள்ள ஓடோ துளையிட்ட மணியோ தென்பட்டால் வாரிக் கொட்டிவிடாதீர்கள். வீட்டு அலமாரிக்கும் கொண்டுபோகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தாசில்தார் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்த ஓடு வரலாற்றுக்குச் சாட்சி சொல்லும்.

(தொடரும்)