வலி அறியாத கைகள்

நம் திருவதிகைக்கு வலியின் வரலாறு புதிதன்று. சூலைநோயால் துடித்த திருநாவுக்கரசர், தமக்கை திலகவதியாருக்கு ஆளனுப்பிச் சொல்லி, பின் அவரை நாடி இவ்வூருக்கே வந்தார் என்பதை நம் சைவச் சகோதரர் நன்கறிவர். வலித்தது, ஆகவே சொன்னார். வலியே தெரியாத நோயாளியைப் பேணுவது எப்படி?

தொழுநோயாளருக்குப் பணிவிடை செய்தோர் நெடுங்காலம் திகைத்தது இதில்தான். மொலோக்காய்த் தீவில் தொண்டாற்றிய புனித தமியான் 1884 டிசம்பரில் கொதிநீரில் கால் வைத்தார். தோல் கொப்பளித்தது; சூடு தெரியவில்லை. 1889-இல் அந்நோயாலேயே இறந்தார்.

நோயே விரல்களைத் தின்கிறது என்றுதான் மருத்துவர்களும் நம்பினர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை கிழிந்திருந்தது, பையனுக்குத் தெரியவேயில்லை! அதன்பின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுடுபாத்திரம், மண்வெட்டிப் பிடி, செருப்பில் ஏறிய ஆணி என்று ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. சிலருக்கு இரவில் விரலில் சதை காணாமற்போயிற்று. காவலிருந்து பார்த்தால், தூங்குகிறவரை எலி கடிக்கிறது! நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். எந்த மருத்துவ நூலிலும் இல்லாத வைத்தியம்.

கண்ணின் கதியும் இதுவே. விழி உணர்விழந்தால் இமைப்பது குறையும். விழி உலர்ந்து, புண்ணாகிப் பார்வை போகும். பார்வையற்றவர் விரலால் தடவியறிவார். விரலும் மரத்தவர் என்ன செய்வார்?

ஆகவே செவிலியர் பணியே மாறிற்று. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பயனில்லை. கையையும் காலையும் நாள்தோறும் கண்ணால் பார்க்க வேண்டும். நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும். மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிவிக்க வேண்டும். வேலூருக்கருகே கரிகிரியில் 1955-இல் எழுந்த நிலையம் இதைப் பலருக்கும் கற்பித்தது. 1980-களில் வந்த கூட்டுமருந்து கிருமியைக் கொல்கிறது; செத்த நரம்பை எழுப்புவதில்லை.

சர்க்கரை நோயாளரின் பாதமும் இப்படியே மரத்துப்போகிறது. நோயில்பூசுதல் கொடுக்க ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். "காலில் ஒன்றுமில்லை சாமி, வலியே கிடையாது" என்றார் பாட்டி. பேத்தி பேசாமல் போர்வையை விலக்கினாள். குதிகாலில் ஒரு முந்திரி ஓட்டுத்துண்டு ஏறியிருந்தது. எத்தனை நாளாயிற்றோ! அவள் விளக்கை எடுத்துவரச் சொல்லிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்தாள்.