வாளும் முக்காடும்
ஜார்ஜியப் போர்நடனங்களும் கற்பனை நாடுகளும்

கற்பனையில் ஒரு நாட்டைப் படைக்கும் எழுத்தாளன் முதலில் அதன் மலைகளையும் ஆறுகளையும் வரைகிறான்; அடுத்து அங்கு வாழும் மக்களுக்கு உடையும் படைக்கலமும் தருகிறான். அம்மக்கள் எதற்குச் சினம் கொள்வர், எதைக் கண்டால் சினம் தணிவர் என்று அவன் சொல்லும்போதுதான் அந்நாடு உயிர்பெறுகிறது. காகசஸ் மலைநாடான ஜார்ஜியாவின் போர்நடனங்கள் இவ்வுண்மையை நன்கு உணர்த்துகின்றன. அந்நடனங்களின் வரலாற்றையும், அவை பிறந்த மலைப்பண்பாடு கற்பனை எழுத்துக்குள் புகுந்த வழிகளையும் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

ஹொருமி

கி.மு. 400இல் கிரேக்கப் படையோடு தாயகம் திரும்பிய செனபோன், கருங்கடலின் தென்கரையில் மோசினோய்கர் என்னும் மக்களைக் கண்டார். அவர்கள் ஏறத்தாழ நூறு நூறு பேராக, ஆடற்குழுவினர் போல எதிரெதிர் வரிசைகளில் நின்றனர். ஒருவன் பாட்டெடுக்க, ஏனையோர் தாளத்தோடு பாடிக்கொண்டே போருக்கு நடந்தனர் என்று அவர் எழுதியுள்ளார். அம்மக்கள் ஜார்ஜியரின் முன்னோரோடு உறவுடையவர் என ஆய்வாளர் சிலர் கருதுவர். செனபோன் கண்டது இன்றைய ஹொருமிதான் என்று கூறச் சான்றில்லை. ஆயினும், அக்கடற்கரையில் போரும் கூத்தும் பிரியாதிருந்த பழமைக்கு அவர் எழுத்தே சான்றாகும்.

தென்மேற்கு ஜார்ஜியாவின் அஜாரா பகுதிக்குரியது ஹொருமி. ஐந்து எண்ணிக்கை கொண்ட தாளம் அதற்கு அடிப்படை. நம் இசைவாணர் மொழியில் கண்ட நடை எனலாம். ‘தோலி’ என்னும் முழவும் ‘சிபோனி’ என்னும் தோற்பைக் குழலும் துணைசெய்யும். பாசறைக்கு இடம் தேடுதல், ஒற்றாடல், போர், வெற்றி என்பன அதன் பகுதிகள். கைகோத்து வரும் வீரர் சட்டெனக் குனிவதும், செவிசாய்த்து நிற்பதும், மீண்டும் ஊர்ந்து நகர்வதுமாக நடனம் வளர்கிறது. வாள்வீச்சுக்கு முந்திய அச்சமும் பொறுமையும் இதில் பேரிடம் பெறுகின்றன. போரை அறிந்தவர் ஆக்கிய கலை என்பதற்கு இதுவே அடையாளம்.

ஹெவ்சூர் நடனம்

வடக்கே உயர்மலையில் உள்ளது ஹெவ்சுரேத்தி. அங்குப் பிறந்த நடனத்தில் வாளும் சிறு கேடயமும் மோதித் தீப்பொறி பறக்கும். ஆடவர் முழங்கால் ஊன்றிச் சுழன்று, துள்ளியெழுந்து தாக்குவர். மோதல் முற்றிய வேளையில் ஒரு பெண் தன் தலைத்துணியைப் போரிடுவோர் நடுவே எறிகிறாள். அந்தக் கணமே வாள்கள் தாழ்கின்றன. இது மேடைக்கென இயற்றிய காட்சியன்று. பெண்ணின் முக்காடு நிலத்தில் விழுந்தால் சண்டையை நிறுத்துவது அம்மலைமக்களின் மரபாகும்.

மேடையும் மலையும்

இலிகோ சுகிஷ்விலியும் நினோ ராமிஷ்விலியும் 1945இல் திபிலிசியில் நிறுவிய நடனக்குழு இவ்வாடல்களை உலகறியச் செய்தது. முன்பு சிலரே ஆடிய ஹொருமி, முப்பது நாற்பது பேர் ஆடும் பெருநடனமாக விரிந்தது. 1967இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கிலும் அக்குழு ஆடியது. இதற்கிடையே, 1951-52ஆம் ஆண்டுகளில் சோவியத் அரசு ஹெவ்சூர் மக்களைச் சமவெளிக்குக் குடிபெயரச் செய்தது. கோட்டை ஊரான ஷாத்திலி வெறுமையாயிற்று. நடனம் நாடு நாடாகச் சென்ற காலத்தில், அது பிறந்த வீடுகளில் அடுப்பெரியவில்லை.

இருவகைக் கற்பனை

ஹெவ்சூர்களின் இரும்புவலைக் கவசத்தையும் ஆடையில் தைத்த சிலுவைகளையும் கண்ட வெளியார், அவர்களை வழிதவறிய சிலுவைப் போர்வீரரின் வழிவந்தோர் எனக் கற்பித்தனர். உருசியப் படையில் பணியாற்றிய அர்னோல்டு சிசர்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கருத்தை முன்வைத்தார். அமெரிக்கப் பயணியான ரிச்சர்டு ஹாலிபர்ட்டன் 1935இல் வெளியிட்ட நூலால் அது பரவியது. வரலாற்றாய்வாளர் இதனை ஏற்பதில்லை. தோற்றத்தை மட்டும் கண்டு எழுந்த இக்கற்பனை, ஒரு மக்களிடமிருந்து அவர்களுடைய முன்னோரையே பறித்துவிட்டது.

மற்றொரு வகையும் உண்டு. லெஸ்லி பிளாஞ்ச் 1960இல் காகசஸ் போர்களைப் பற்றி எழுதிய நூலிலிருந்து, பிராங்க் ஹெர்பர்ட் தம் ‘டூன்’ (1965) புதினத்துக்குச் சொற்கள் பலவற்றை எடுத்துக்கொண்டார். ‘கின்ஜால்’ என்னும் குறுவாள் காகசஸ் மலையின் இருபுறத்துக்கும் பொது. ஜார்ஜிய நடனக்காரரின் இடையில் தொங்குவதும் அதுவே. ‘கான்லி’ என்பது வடகாகசஸ் மக்களின் பழிவாங்கல் வழக்கு. ஹெர்பர்ட் அந்தப் பகைக்கு வரம்பும் விதியும் வகுத்து, தாம் படைத்த உலகின் சட்டமாக்கினார். கத்தியோடு அதன் கட்டுப்பாட்டையும் எடுத்துச் சென்றமையால் அவர் உலகம் நிற்கிறது.

கவிஞனின் பணி

ஹெவ்சூர்களின் அண்டை மலையினரான பிஷாவர் குலத்தில் பிறந்த கவிஞர் வாழா பிஷாவேலா (1861-1915) இன்னும் ஆழமாகச் சென்றார். 1888இல் அவர் இயற்றிய ‘அலுதா கெதெலவுரி’யில், வெட்டுண்ட பகைவனின் வலக்கையை அறுத்துவர வேண்டும் என்பது ஊர்வழக்கு. பகைவனின் வீரத்தைக் கண்ட அலுதா அதைச் செய்ய மறுக்கிறான். வேற்றுச் சமயத்தவனான அவனுக்காகப் பலிகொடுக்கவும் முனைகிறான். ஊர் அவனைக் குடும்பத்தோடு பனியில் துரத்துகிறது. வழக்கத்தை முழுதறிந்தவரால்தான் அதை மீறும் ஒருவனின் தனிமையை இவ்வாறு பாட முடியும்.

நம் கவிஞர்களும் புதிய நாடுகளைப் படைக்கட்டும். அயல்மண்ணின் ஆடல்களிலிருந்தும் ஊக்கம் பெறட்டும். வாளின் ஒளி எவர் கண்ணையும் எளிதில் கவரும். அந்நாட்டில் எந்த முக்காடு விழுந்தால் வாள் தாழும் என்பதையும் கேட்டறிந்து எழுதுவோமாயின், கடன் வாங்கிய மண்ணுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே ஆகும்.