கண்புரை: 'நல்லா முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று காத்திருப்பது சரியா?

உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டிய ஒருவர், "டியூப் லைட்டை மாத்துப்பா, வெளிச்சமே பத்தல" என்று அடிக்கடி சொல்கிறாரா? எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கூசுகிறது என்று இரவில் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டாரா? பிரச்னை டியூப் லைட்டில் இல்லாமல், அவருடைய கண்ணுக்குள் இருக்கலாம்.

2015-19-ல் நடந்த தேசிய பார்வையிழப்பு ஆய்வின்படி, இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரைதான் காரணம். அறுவை சிகிச்சை மூலம் பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய பார்வையிழப்பு இது. இருந்தும் பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கேட்டால் வரும் பதில்: "புரை இன்னும் முத்தலையாம்."

கண்ணில் என்ன நடக்கிறது?

கண்ணின் கறுப்புப் பகுதிக்குப் பின்னால் ஓர் இயற்கையான லென்ஸ் இருக்கிறது. தண்ணீராலும் புரதத்தாலும் ஆனது. புரதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்வரை அது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். வயதாக ஆக அந்தப் புரதங்கள் சிதைந்து ஒன்றோடொன்று திரண்டுகொள்கின்றன. லென்ஸ் மங்குகிறது. பலரும் நினைப்பது போலக் கண்ணின் மேலே வளரும் சதையோ படலமோ இல்லை இது.

மங்கல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத் தொந்தரவும் மாறும். லென்ஸின் நடுப்பகுதி மஞ்சளாகிக் கெட்டிப்பட்டால் நிறங்கள் வெளுத்துத் தெரியும், கிட்டப்பார்வையும் கூடும். அதனால் சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வரும். "தாத்தாவுக்குப் பார்வை திரும்பிருச்சு" என்று வீடே சந்தோஷப்படும். அது கொஞ்ச காலம்தான். லென்ஸின் பின்பக்கத்தில் புரை வந்தால் வெயிலிலும் ஹெட்லைட்டிலும் கூச்சம் அதிகமாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்தை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் இந்த வகை வர வாய்ப்பு அதிகம். அதுவும் சின்ன வயதிலேயே.

'முத்தணும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் அது சரியான அறிவுரைதான். அப்போது லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்தார்கள். முற்றிய புரையை எடுப்பது சுலபம். பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். நோயாளி வாழ்நாள் முழுக்க சோடாபுட்டி கண்ணாடி போட வேண்டும். அந்தப் பார்வையைவிட மோசமான நிலைக்குப் போன பிறகு ஆபரேஷன் செய்தால்தானே லாபம்?

இன்று கணக்கு தலைகீழ். 1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். போரில் காயமடைந்த விமானிகளின் கண்ணுக்குள் சிக்கிய விமானக் கூரைத் துண்டுகள் பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தாமல் இருந்ததைக் கவனித்ததால் வந்த யோசனை அது. 1967-ல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் 'ஃபேகோ' முறையைக் கொண்டுவந்தார். சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் துளை வழியாக, மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். பெரும்பாலும் தையல் தேவைப்படாது. நம்மூரில் இதையே 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். வழக்கமான ஃபேகோவில் லேசர் கிடையாது.

இந்த முறையில் புரை முற்றி இறுகிப்போவதுதான் சிக்கல். உடைக்க அதிக அதிர்வு தேவைப்படும், கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கார்னியா பாதிக்கப்படலாம். இன்னும் விட்டுவைத்தால் லென்ஸ் வீங்கியோ, கரைந்து கசிந்தோ கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். கடும் வலியோடு கண் சிவந்து வருபவர்களுக்கு, புரையை எடுத்த பிறகும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

அப்படியானால் எப்போது செய்வது?

புரை இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஓட வேண்டியதில்லை. கண்ணாடியை மாற்றினால் சமாளிக்க முடிகிறது என்றால் காத்திருக்கலாம். படிப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, படி இறங்குவது என்று உங்கள் அன்றாட வேலை தடைபடத் தொடங்கினால் அதுதான் நேரம். சர்க்கரை நோயாளிக்கு, விழித்திரையைப் பரிசோதிக்க முடியாதபடி புரை மறைத்தாலும் தள்ளிப்போடக் கூடாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். குளிர்காலத்தில்தான் செய்யணும் என்ற நம்பிக்கையும் பழைய காலத்துப் பேச்சு.

பிறந்த குழந்தைக்குப் புரை இருந்தால் மட்டும் கதையே வேறு. வாரக்கணக்கில் தாமதித்தால்கூட மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் போய்விடும்.

எந்த லென்ஸ்?

கவுன்டரில் உங்களைக் குழப்பப்போவது இந்த விஷயம்தான். சாதாரண மோனோஃபோகல் லென்ஸில் தூரப்பார்வை தெளிவாக இருக்கும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகலில் கண்ணாடியின் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், விலையும் அதிகம். இரவில் வண்டி ஓட்டுபவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். விலை குறைந்தது என்பதால் மோனோஃபோகல் மட்டமானது அல்ல. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, சாதாரண மக்களுக்கும் அது எட்டும் விலைக்கு வந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் கண்புரை சிகிச்சை உண்டு. 2024 முதல், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அத்திட்டம் விரிவாக்கப்பட்டுள்ளது. அட்டை செல்லுமா, எந்த லென்ஸ் அதில் அடங்கும் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர் அதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷனின்போது கண்ணின் பாப்பா சரியாக விரியாமல் சுருங்கும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார்.

ஆபரேஷனுக்குப் பிறகு

பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சொட்டு மருந்தைத் தவறாமல் விடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், டாக்டர் சொல்லும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். லேசான உறுத்தல் சகஜம். வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து, தெரிந்த பார்வை மறுபடி குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "காலைல பாத்துக்கலாம்" என்று இருந்துவிடக் கூடாது. அரிதாக வரும் உள்கண் தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சில மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடியும் மங்கினால் "புரை திரும்ப வந்துருச்சு" என்பார்கள். எடுத்த புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸைத் தாங்கும் உறை மங்கியிருக்கும். அதைச் சில நிமிடங்களில் யாக் லேசரால் சரிசெய்துவிடுவார்கள். ஆம், இதில்தான் நிஜமாகவே லேசர்.