துரையின் பிள்ளை

ஃபோனில் நாம வாசிக்கிற கோடீஸ்வரக் காதல் கதைகளில் ஒரு திருப்பம் அடிக்கடி வரும். ஏழைப் பெண் எதிர்பாராமல் கர்ப்பமாவாள், ஒதுங்கிப் போவாள்; கடைசியில் அவன் தேடி வந்து அவளையும் பிள்ளையையும் கூட்டிப் போவான். 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் இந்த வகைக் கதைகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

தோட்ட வரலாற்றில் முடிவு வேறு. புளத்கொகுபிட்டிய போன்ற தோட்டப் பக்கங்களில் அந்தக் கோடீஸ்வரன் இடத்தில் இருந்தவர் வெள்ளைக்காரத் துரை. மேலே பங்களா, கீழே லயம். பேர் போடுவதும் காம்பரா கொடுப்பதும் அவர் கையில். மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் நடந்ததை நாம எப்படிக் காதல் என்பது?

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நன்றாகப் பதிவான கதை இந்தியாவில் இருக்கு. தார்ஜிலிங், அசாம் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகளுக்காக 1900இல் பாதிரியார் ஜான் கிரஹாம் கலிம்பொங்கில் ஒரு இல்லம் தொடங்கினார். 1908 முதல் 1938 வரை அங்கிருந்து சுமார் 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆண்கள் பண்ணை வேலைக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு அந்தத் தாயின் பெயர்கூடத் தெரியாது. நம்ம நாட்டிலும், நுவரெலியாவில் பெயின்டர் குடும்பம் நடத்திய இல்லத்தில் இப்படியான பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

நாவலில் பிள்ளை அப்பாவிடம் சேருது. வரலாற்றில் அது அம்மாவை இழந்தது. துரையின் பெயர் தோட்டப் பதிவுகளில் இருக்கும். அவள் பெயரை நம்ம பாட்டிமாரிடம்தான் கேட்கணும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.