சொல்தேடலும் மௌனமும்: எண்ணிமச் செய்தித்தாள்களில் பழனிமலை வரலாறு

முன்னுரை

1994இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியவற்றின் பணியால் பழைய இதழ்களும் செய்தித்தாள்களும் எண்ணிம வடிவம் பெற்றுவருகின்றன. இவ்வசதியோடு, ஒரு சொல்லை உள்ளிட்டுக் கிடைப்பதைத் தொகுப்பதே ஆய்வு என்னும் போக்கும் வளர்கிறது. தேடலில் எதுவும் கிடைக்காதபோது அதனை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைப் பழனிமலை, கொடைக்கானல் வட்டாரத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் எழுத்தும்

எழுத்துணரி மென்பொருள் படித்துத் தரும் பாடத்திலேயே சொல்தேடல் நிகழ்கிறது. அச்சுப் பக்கத்தில் அன்று. 'மலை' என்பதிலுள்ள 'லை' எழுத்துச் சீர்திருத்தத்தால் வடிவம் மாறியது. குடிஅரசு 1935இல் புதிய வடிவங்களை மேற்கொண்டது. தமிழ்நாடு அரசின் ஆணை 1978இல் வந்தது. ஆகவே, இன்றைய அச்சில் பழகிய எழுத்துணரி இச்சொல்லைப் பழைய தாள்களில் பிழைபடப் படிக்க வாய்ப்புண்டு. மேலும், காலை ரகரமாகக் கொண்டு 'கொடை' என்பதைக் 'கெரடை' எனவும் அது படித்துவிடும். கோடைக்கானல், பழநி எனும் மாற்று வழக்குகளும் உள்ளன. திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985இல்தான்; அதற்கு முந்தைய செய்திகளை மதுரை ஜில்லா என்னும் பெயரிலும் தேட வேண்டும்.

ஆங்கில எழுத்துகளுக்கு இத்தகைய வடிவமாற்றம் நேரவில்லை. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் வீடுகள் அமைத்தது முதல் கோடைவாச நகரைப் பற்றிய ஆங்கிலப் பதிவுகளும் மிகுதி. தேடலை மட்டும் நம்பும் ஆய்வில் ஏரியும் கோடைப்பருவமும் துரைமாரும் நிறைந்திருப்பர். பூம்பாறை, மன்னவனூர் உழவரும் பளியரும் மறைந்துபோவர். கருவியின் குறை வரலாற்றின் இயல்பாகத் தோன்றிவிடும்.

மௌனத்தின் வகைகள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரிய ஒளிப்படத் தட்டுகளும் எண்ணிமமாக்கப்பட்டுள்ளன. அவை நாள்வாரியாக அடுக்கப்பட்டவை. படம் இல்லாத நாள் வரிசையில் இடைவெளியாகவே புலப்படும். செய்தித்தாள் தேடலில் அவ்வாறில்லை. செய்தி வெளிவராமை, அந்நாளிதழ் கிடைக்காமை, எழுத்துணரி படிக்கத் தவறியமை ஆகிய மூன்றும் 'முடிவுகள் இல்லை' என்னும் ஒரே விடையாக வருகின்றன. முதலாவது வரலாற்றுச் சான்று; இரண்டாவது காப்பகத்தின் நிலை; மூன்றாவது கருவியின் பிழை. இவற்றைப் பிரித்தறியாமல் 'தமிழ் இதழ்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை' என்று முடிவு கூறுதல் பொருந்தாது.

குறிஞ்சிவழிச் சோதனை

இம்மூன்றையும் பிரித்தறியப் பிற சான்றால் காலம் தெரிந்த நிகழ்வு ஒன்று வேண்டும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கொடைக்கானலில் 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. பின்னோக்கிக் கணக்கிட்டால் 1958, 1946, 1934, 1922 என ஆண்டுகள் அமைகின்றன. வகுப்பறையில் மாணவர்கள் முதலில் சொல்தேடலைச் செய்யலாம். பின்னர், அவ்வாண்டுகளின் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையான இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். இதழே இல்லாத நாள்களைத் தனிப் பட்டியலாக்கலாம். தேடலில் தப்பிய செய்தி பக்கத்தில் கிடைப்பின் அது கருவியின் பிழை. இதழ் கிடைத்தும் செய்தி இல்லையெனில் அந்த மௌனம் ஆராயத்தக்கது. ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கொடைக்கானலில் செய்த சூரியப்புள்ளிக் கண்டுபிடிப்பைக் கொண்டும் இச்சோதனையை நிகழ்த்தலாம்.

முடிவுரை

ஆய்வேடுகளில் தேடிய சொல்வடிவங்கள், பார்த்த இதழ்களின் கால எல்லை, கிடைக்காத இதழ்கள் ஆகியவற்றைக் குறிப்பிடுவது நெறியாக வேண்டும். எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவங்களை வகுப்பில் கற்பிப்பதும் இன்றியமையாதது. அவ்வடிவங்களைப் படிக்கத் தெரிந்த மாணவரே எழுத்துணரி தவறவிட்ட மலைமக்களின் செய்தியைப் பக்கத்தில் கண்டெடுக்க இயலும்.